மலைக்குக் கழித்த மீதி

சுல்லுனி
24 மே 2015

அன்புள்ள நெல்லி அக்காவுக்கு,

நைடாவும் நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் தொடங்கினேன். எழுதி முடித்ததும் அது முழு உண்மை இல்லை என்று தோன்றியது. அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சிக்னலுக்காகக் குன்றின் மேல் ஏறினால் அங்கே எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். நீ பேசுவாய், நான் 'ம்' என்பேன், நீ திட்டுவாய், அதோடு முடிந்துவிடும். கடிதத்தில்தான் எனக்குப் பேச வருகிறது. ஞாயிறு சந்தைக்கு வரும் பஸ்ஸில் டிரைவர் ஹிலாரியோ மாமா கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நைடாவைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனேன். ஏழு மாதம் ஆகிவிட்டதே, எடை பார்க்க வேண்டும். எடை பார்த்த பிறகு நர்ஸம்மா அவள் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கையளவு மெஷின் ஒன்றில் வைத்தார். அதில் 12.4 என்று வந்தது.

"ரத்தசோகை இருக்கும்மா. ரத்தத்துல இரும்பு பத்தல. இந்தச் சொட்டு மருந்தை தினமும் குடு. நிறுத்தக் கூடாது. புரிஞ்சுதா?"

"ஆமா" என்றேன். எதுவும் புரியவில்லை. எனக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். வரிசையில் இருந்த பௌலினா அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி, "தாய்க்கு வாயே இல்ல, பிள்ளைக்கு ரத்தம் எங்கேருந்து வரும்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

அந்த மருந்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆணியைச் சப்பினது மாதிரி இருக்கிறது. நைடா துப்பிவிடுகிறாள் என்று சோம்பு டீயில் கலந்து கொடுக்கிறேன். மூன்றாம் நாள் அவள் மலம் கரி மாதிரி கறுப்பாக வந்தது. வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறதோ என்று பயந்துவிட்டேன். திரும்பப் போய்க் கேட்கவும் முடியவில்லை. போனால் மறுபடி வரிசை, மறுபடி பௌலினா.

அக்கா, கீழே இலோ கடற்கரையில் நீ வேலை செய்யும் வீட்டுக் குழந்தை தோமாஸைப் பெரிய டாக்டரிடம் மாதாமாதம் கூட்டிப்போவதாகச் சொன்னாயே. அவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டுச் சொல்வாயா? 12.4 என்றால் என்ன? மலம் ஏன் கறுக்கிறது? உன்னை விட்டால் எனக்குக் கேட்க ஆள் இல்லை. நைடாவின் அப்பா எட்வின் சுரங்கத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அவனிடமிருந்து சேதி வருமா என்று பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

உன் தங்கை,
யூதித்


இலோ
3 ஜூன் 2015

என் செல்ல ஊமைக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அந்த வீட்டம்மாவிடம் வாங்கிய திட்டு உன் கணக்கில்.

முதலில் மூச்சை விடு. டாக்டரிடமே விசாரித்துவிட்டேன். பதினொன்றுக்கு மேல் இருந்தால் ரத்தசோகையே கிடையாதாம். எங்கள் தோமாஸுக்குப் போன வாரம் 11.6 வந்தது. டாக்டர், "தங்கமான ரத்தம், போய் வாங்க" என்றார். உன் மகளுக்கு 12.4! கடற்கரையில் மீனும் இறைச்சியும் தின்னும் பணக்காரப் பிள்ளையைவிட நம் நைடாவுக்கு ரத்தம் அதிகம். இதில் நீ அழுதுகொண்டிருக்கிறாய்.

உங்கள் நர்ஸம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? மேலே இருந்து, இத்தனை குழந்தைக்கு மருந்து கொடுத்தாயா என்று கேட்பார்கள். நோட்டில் பெயர் நிரப்ப வேண்டும். வாய் திறக்காத பெண் ஒருத்தி வந்தால் முதலில் அவள் பெயரைத்தான் எழுதுவார்கள். பௌலினா பிள்ளைக்கு ரத்தசோகை என்று சொல்லிப் பார்க்கச் சொல், மெஷினைப் பிடுங்கித் தலையில் போடுவாள்.

குழந்தையின் வயிற்றைக் கரியாக்கும் மருந்து என்ன மருந்து? நிறுத்து. வீட்டுக்கு வந்து கேட்டால், கொடுக்கிறேன் என்று சொல். 'ஆமா' சொல்ல உனக்கா சொல்லித்தர வேண்டும்?

தோமாஸுக்குச் சின்னதாகிப்போன இரண்டு கம்பளிச் சட்டையும் ஒரு டின் பால் பவுடரும் அனுப்புகிறேன். அப்பாவிடம் என் முத்தம் சொல். பிப்ரவரியில் வந்தபோது சந்தையிலிருந்து வீடு வருவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தேன் என்று இன்னும் கிண்டல் செய்கிறாரா?

நெல்லி


சுல்லுனி
21 ஜூன் 2015

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. மலம் பழையபடி மஞ்சளாகிவிட்டது. சட்டைகள் நைடாவுக்குச் சரியாக இருக்கின்றன. நீலச் சட்டையின் பித்தானைப் பிடுங்கப் பார்க்கிறாள்.

ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்து மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள், குறைந்திருக்கிறதா என்று. அதனால் வியாழக்கிழமை வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு வாரத்துக்கு உண்டானதைச் சுவரோரம் ஊற்றிவிடுகிறேன். மண் சுவரில் துருப்பிடித்த மாதிரி ஒரு கறை விழுந்திருக்கிறது. நம் வெள்ளைப் பெட்டை ஆட்டுக்குட்டி தினமும் அங்கே போய் நிற்கிறது. நேற்று அப்பா கேட்டார்:

"இந்தக் குட்டி ஏன் சுவர நக்கிக்கிட்டே இருக்கு?"

"தெரியலப்பா."

"அதுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

உறைபனி நன்றாக விழுகிறது. சுன்யோ வற்றலுக்காக உருளைக்கிழங்கைப் பனியில் உறைய வயலில் பரப்பியிருக்கிறோம். காலையில் அப்பாவும் நானும் மிதித்துத் தண்ணீரை எடுக்கிறோம். நைடா முதுகுத்துணியிலேயே தூங்கிவிடுகிறாள். மிதிக்கும்போது நான் குதித்தால்கூட அவள் விழிப்பதில்லை. எட்டு மாதக் குழந்தை இவ்வளவு தூங்குமா அக்கா? தோமாஸ் தூங்குவானா?

பொய் சொல்வது எனக்கு வரவில்லை. அந்தப் பெண் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "நல்ல அம்மா" என்று என் தோளில் தட்டினாள்.

யூதித்


இலோ
2 ஜூலை 2015

யூதித்,

அவசரமாக எழுதுகிறேன். வீட்டில் விருந்தாளிகள். குளிரில் எந்தக் குழந்தையும் தூங்கும். நீ குழந்தையாக இருந்தபோது ஒரு பானை உன் தலைமாட்டில் விழுந்து உடைந்தது, நீ கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அம்மா இருந்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சந்தேகம் எழுதாதே. டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். ஒன்று என்னை நம்பு, இல்லையென்றால் பௌலினாவை நம்பு.

நெல்லி


சுல்லுனி
26 ஜூலை 2015

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாக எழுதவில்லை. கோபத்தில் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நைடா தவழ ஆரம்பித்திருக்கிறாள். கொஞ்ச தூரம் போவாள், பிறகு கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துவிடுவாள். போன திங்கட்கிழமை நான் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினால், சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் மண். சுவரைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். விரலை விட்டு எடுத்தேன். கழுவினேன். கீழே விட்டதும் நேராக மறுபடி சுவருக்கே போனாள். கஞ்சி கொடுத்தால் முகத்தைத் திருப்புகிறாள். மண்ணைத் தின்னும்போது மட்டும் அவசரம்.

அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். என்னுடையதைக் கண்ணாடியில் பார்த்தேன். அவளுடையது வெளுப்பாக இருக்கிறது.

உன்னை நம்பவில்லை என்று நினைக்காதே. ஒன்று மட்டும் கேட்கிறேன். டாக்டர் என்ன வார்த்தை சொன்னாரோ அதை அப்படியே எழுது. நைடாவைப் பற்றிச் சொன்னாயா? நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொன்னாயா? மண் தின்கிறாள் என்று இப்போது சொல்வாயா?

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

யூதித்


சுல்லுனி
16 ஆகஸ்ட் 2015

அக்கா,

இரண்டு ஞாயிறு பஸ் வந்தது. நான் போய் நிற்பதைப் பார்த்ததுமே ஹிலாரியோ மாமா கையை விரிப்பார். மூன்றாவது ஞாயிற்றுக்கு நான் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமையே சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

வாயில் வராது என்று தெரியும். அதனால் கேள்வியை ஒரு தாளில் எழுதி மடித்து முதுகுத்துணிக்குள் வைத்திருந்தேன். நீட்டினால் போதும் என்று நினைத்தேன். எல்லாரும் போகும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா மெஷினை மூடும் நேரத்தில் எழுந்து துணியை அவிழ்த்தால், நைடா தாளில் பாதியைத் தின்றிருந்தாள். மீதி அவள் முஷ்டிக்குள் கூழாக இருந்தது.

"என்னம்மா, இவ்வளவு நேரமா ஏன் உக்காந்திருக்கே?"

தாள் இல்லை. வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். நைடா அந்தக் கூழை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் கேட்டேன்:

"கடற்கரைல பதினொண்ணு போதும்னா, இங்க ஏன் பன்னெண்டு பத்தல?"

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. நர்ஸம்மா பையைக் கீழே வைத்தார். சுவரில் குத்தியிருந்த ஒரு தாளைக் குண்டூசியோடு பிடுங்கி மேஜை மேல் போட்டார். நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம் அக்கா, கதவுக்குப் பக்கத்தில், எண்களாக இருக்குமே, அந்தத் தாள்.

"நான் சிம்போத்தேகாரி, கடல் பக்கம். இங்க வந்த முதல் வாரம் இந்த நாலு படி ஏற முடியாம வாந்தி எடுத்தேன். ஏன் தெரியுமா? இங்க காத்து மெல்லிசு. அந்தக் காத்துல பிழைக்க உடம்பு ரத்தத்தைக் கெட்டியாக்கிக்கும். அதனால இங்க இருக்கறவங்களுக்கு மெஷின் எப்பவும் கூடுதலாத்தான் காட்டும். அந்தக் கூடுதலைக் கழிச்சுட்டுத்தான் பாக்கணும். இந்த ஊர் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர். அதுக்கு எவ்வளவு போட்டிருக்கு, பாரு."

மூன்று புள்ளி இரண்டு.

ஆறாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் கழித்தல் எனக்கு வரும். 12.4-இல் 3.2 போனால் 9.2. உங்கள் டாக்டருக்கும் பதினொன்றுதான் எல்லை, எங்கள் நர்ஸம்மாவுக்கும் பதினொன்றுதான். நடுவில் மலை இருக்கிறது. நீ சந்தையிலிருந்து வரும்போது மூச்சு வாங்கி மூன்று முறை கல்லில் உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான்கூடச் சிரித்தேனே. அந்த மூச்சுதான் இந்த மூன்று புள்ளி இரண்டு.

பிறகு பாட்டில் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சுவரில் ஊற்றியது, ஆட்டுக்குட்டி, எல்லாம். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நைடாவின் விரலில் மறுபடி குத்தினார். 11.9. நானே கழித்தேன். 8.7.

"மண் திங்கறது இதனாலதான். இரும்பு ஏறினா பெரும்பாலும் தானா நின்னுடும்" என்றார். "தப்பு உன் மேல மட்டும் இல்ல. 'புரிஞ்சுதா'ன்னு நான் கேப்பேன், 'ஆமா'ம்பீங்க, அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன். சரி, முதல் வாரம் எப்படிக் குடுத்தே? செஞ்சு காட்டு."

காலி டம்ளரை வைத்துச் செய்து காட்டினேன். சோம்பு டீ என்றதும் கையைப் பிடித்து நிறுத்தினார். டீயும் பாலும் இரும்பை உடம்பில் சேரவிடாதாம். வெறும் வயிற்றில், கொஞ்சம் ஆரஞ்சுச் சாற்றோடு கொடுக்க வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் பொறுத்துச் சாப்பாடு. ஆட்டு ஈரலை வேகவைத்து மசித்து ஊட்டச் சொன்னார். கறுப்பு மலம் மருந்தின் நிறமாம். தார் மாதிரி பிசுபிசுவென்று வந்தாலோ குழந்தை சோர்ந்து விழுந்தாலோ மட்டும் உடனே தூக்கி வரச் சொன்னார். இதை முன்னாலேயே கேட்டிருந்தால் நான் பயந்திருக்கவே மாட்டேன்.

அக்கா, நீ சொன்னது இலோவுக்குச் சரி. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கொஞ்சம் இருக்கிறது. நீ பதில் எழுதாததால்தான் அதிகம்.

யூதித்


இலோ
16 ஆகஸ்ட் 2015

யூதி,

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் நான் விசாரிக்கவே இல்லை.

அந்த அறையில் என் வேலை தோமாஸைத் தூக்கிக் கொடுப்பது, திரும்ப வாங்கிக்கொள்வது. மற்ற நேரம் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்பேன். தோமாஸின் எண்ணைப் பற்றி டாக்டர் வீட்டம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. அதைத்தான் உனக்கு மருந்தாக அனுப்பினேன். உன் முதல் கடிதம் வந்த பிறகு இரண்டு முறை அந்த அறைக்குப் போனேன். இரண்டு முறையும் வாயைத் திறக்கப் பார்த்தேன். வரவில்லை. நான்தானே உன்னை ஊமை என்று கூப்பிடுகிறவள்? அதனால்தான் உன் கேள்விகளுக்கு அப்படி எரிந்து விழுந்தேன்.

நைடா மண் தின்கிறாள் என்று படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த தடவை டாக்டரிடம் போகும் நாள் போன வியாழக்கிழமைதான் வந்தது. அதுவரை உனக்கு என்ன எழுதுவது? இன்னொரு பொய்யா? வியாழக்கிழமை தோமாஸைக் கையில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றேன். "டாக்டர், ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். அந்த அம்மா, நாற்காலி பேசிவிட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் முழுதும் சொன்னேன்.

அவர் கேட்டார்: "உன் தங்கச்சி ஊர் எவ்வளவு உயரத்துல இருக்கு?"

"தெரியாது டாக்டர். நான் போனா மூச்சு வாங்கும். அவ்வளவு உயரம்."

"அப்ப என் எண் அங்க செல்லாதும்மா. அங்க இருக்கற நர்ஸ் சொல்றதுதான் சரி. மருந்தை யாரு நிறுத்தச் சொன்னது?"

"ஒரு முட்டாள், டாக்டர்" என்றேன்.

"முட்டாள்கிட்ட சொல்லு, இன்னைக்கே ஆரம்பிக்கச் சொல்லி."

வெளியே வந்ததும் அப்பாவின் போனுக்கு ஏழு முறை அடித்தேன். குன்றின் மேல் யாரும் இல்லை போலிருக்கிறது. யூதி, இது கிடைத்த உடனே நைடாவைத் தூக்கிக்கொண்டு நர்ஸம்மாவிடம் ஓடு. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல். அவள் நோட்டில் பொய்ப் பெயர் எழுதுகிறாள் என்றேனே, பொய் எழுதியவள் நான்.

இனி நீ எனக்கு எழுதாவிட்டாலும் நைடாவின் எண்ணை மட்டும் எழுது.

நெல்லி


சுல்லுனி
15 நவம்பர் 2015

அன்புள்ள அக்கா,

நம் இரண்டு கடிதங்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கிளம்பியிருக்கின்றன, ஒன்று கீழே, ஒன்று மேலே. உன்னுடையதைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். பிறகு 'நாற்காலி பேசிவிட்ட மாதிரி' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அதன் பிறகு பல வாரம் உனக்கு எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன். அது சரியில்லைதான். எனக்கு அவ்வளவு நாள் தேவைப்பட்டது.

செப்டம்பரில் 13.1 என்று எழுதினேன் அல்லவா? இந்தச் செவ்வாய்க்கிழமை 14.3. மலைக்குக் கழித்த மீதி 11.1. பதினொன்று என்ற எல்லையை இப்போதுதான் தாண்டியிருக்கிறாள். "இன்னும் நிறுத்தக் கூடாது. உடம்புல சேமிப்பு ஆகணும்" என்றார் நர்ஸம்மா. இந்தத் தடவை அவர் "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு" என்றார். இப்போது எல்லாரிடமும் அப்படித்தான் கேட்கிறார். வரிசை நீளமாகிறது, முணுமுணுக்கிறார்கள்.

பௌலினா அம்மாவின் மகனுக்கு அன்று 12.8 வந்தது. "பன்னெண்டு போதும்னு என் மச்சினி லிமாவிலேருந்து சொன்னா. இவங்க நம்மள ஏமாத்தறாங்க" என்று கத்தினாள். எனக்கு யார் குரலோ ஞாபகம் வந்தது. காதெல்லாம் சுட்டது. இருந்தாலும் எழுந்து போய்ச் சுவரில் இருந்த தாளைக் காட்டி, "மூணு புள்ளி ரெண்டைக் கழிங்க" என்றேன். "உனக்கு வாய் எப்ப முளைச்சுது?" என்றாள். ஆனால் விரலை விட்டுக் கழித்துப் பார்த்தாள். அப்புறம் மருந்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். குடிக்கும் முறையைக் கேட்க வழியில் என்னை நிறுத்தினாள்.

நைடா மண் தின்பதை விட்டுவிட்டாள். ஈரலைக் கண்டால் கை நீட்டுகிறாள். இப்போது தூங்கவே மாட்டேன் என்கிறாள், எனக்குத்தான் தூக்கம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கறை இருந்த இடம் வந்ததும் நின்று தட்டிப் பார்ப்பாள். வெள்ளைக்குட்டி மட்டும் இன்னும் அங்கே வந்து ஏமாந்து போகிறது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "ஆட்டைக் கேட்டிருக்கலாம்" என்றார். அதற்கு அப்புறம் அவரே சிரித்தார். அவர் சிரித்து நீ பார்த்து எவ்வளவு நாள் இருக்கும்?

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வா. ஹிலாரியோ மாமாவிடம் சொல்லிவிட்டேன். சந்தைத் திடலில் நானும் நைடாவும் நிற்போம். நீ உட்காரும் மூன்று கற்களும் அங்கேயேதான் இருக்கின்றன. மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள், பேச முயலாதே. வீடு வரும்வரை நான் பேசிக்கொண்டு வருகிறேன்.

உன் தங்கை,
யூதித்